பந்து மலைப்பாம்பு வளர்ப்பு: முதலில் கூண்டு, பிறகே பாம்பு

இங்கிலாந்தில் குடும்பத்துடன் வசிக்கும் நீங்கள், பதினேழு வயது மகன் மலைப்பாம்பு ஒன்றை வளர்க்க விரும்புவதாகவும், எந்த வகையை வாங்கலாம், கூண்டை எப்படி அமைப்பது, என்ன உணவு கொடுப்பது, வீட்டிலுள்ள மூன்று வயது மகளுக்கு அதனால் தீங்கு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றை வலியுறுத்த வேண்டும். பாம்பை வாங்கி வந்துவிட்டுக் கூண்டைத் தேடக் கூடாது. கூண்டை முழுமையாக அமைத்து, விளக்குகளையும் வெப்பமூட்டியையும் ஓடவிட்டு, பத்துப் பதினைந்து நாள்களாவது வெப்பமும் ஈரப்பதமும் நிலையாக நிற்கின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே பாம்பைக் கொண்டுவர வேண்டும். இரை எடுக்க மறுப்பது, சட்டை துண்டு துண்டாக உரிவது, மூச்சு விடத் திணறுவது என்று பாம்பு வளர்ப்பவர்கள் முறையிடும் தொல்லைகளில் பெரும்பாலானவை கூண்டின் குறைகளிலிருந்தே பிறக்கின்றன.

வகையைப் பொறுத்தவரை, முதன்முதலாக வளர்ப்பவருக்கு ஏற்றது பந்து மலைப்பாம்பு. பிரிட்டனில் இதை ராயல் பைத்தான் என்ற பெயரில் விற்கிறார்கள். அச்சம் ஏற்பட்டால் தலையை நடுவில் வைத்து உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும் இயல்புடைய, கடிக்க எளிதில் முன்வராத பாம்பு இது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும், பெண் 120 முதல் 150 செ.மீ. நீளமும் இருக்கும். கடைகளில் குட்டியாகப் பார்க்கும்போது பர்மிய மலைப்பாம்பும் அழகாகத்தான் தெரியும். ஆனால் அது சில ஆண்டுகளிலேயே நான்கு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. வீட்டில் வளர்க்கப்பட்டுத் தப்பியவையும் கைவிடப்பட்டவையுமான பர்மிய மலைப்பாம்புகள் பெருகித்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் பாலூட்டிகளை அழித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பந்து மலைப்பாம்பு எளிதான பாம்புதான், ஆனால் குறுகிய காலப் பொறுப்பு அல்ல. நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். அதற்கு மேலும் வாழ்ந்தவை உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டது. உங்கள் மகன் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடும். மாணவர் விடுதிகள் பொதுவாக வளர்ப்பு விலங்குகளை அனுமதிப்பதில்லை. அப்போது பாம்பு உங்கள் பொறுப்பில்தான் இருக்கும். அதற்கு நீங்களும் உங்கள் துணைவரும் மனமார ஒப்புக்கொள்ளாவிட்டால் இப்போது வாங்காமல் இருப்பதே அந்தப் பாம்புக்குச் செய்யும் நன்மை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இந்தப் பாம்பை வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைத் தர உரிமையாளர் கடமைப்பட்டவர். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்குகளை விற்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்த நிலை தங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்து வளர்ப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். பெட்டிகளில் அடைத்துக் கடத்திவரப்படும் பாம்புகளும் சந்தையில் புழங்குகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரே பயணியின் உடைமைகளில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அப்படி வந்தவற்றில் ஒன்றை வாங்குவது அந்தக் கொடுமைக்குப் பணம் கொடுப்பதாகும்.

பிரிட்டனிலும் எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம். கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் காட்டிலிருந்து சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து, பொரிந்த குட்டிகளை ஏற்றுமதி செய்யும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அவ்வாறு வரும் குட்டிகள் குடற்புழுக்களோடும் தோல் பேன்களோடும் நெடும்பயணக் களைப்போடும் வந்து சேர்கின்றன. உள்ளூரிலேயே இனப்பெருக்கம் செய்பவரிடம் நேரில் சென்று, தாய்ப் பாம்பையும் கூண்டுகளின் தூய்மையையும் பார்த்து, குறைந்தது மூன்று நான்கு முறை தானாக இரை எடுத்த குட்டியை, அதன் உணவுக் குறிப்பேட்டோடு கேட்டு வாங்குங்கள். உறையவைத்த எலியை உருக்கிக் கொடுத்தால் எடுக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நிறப்பிரிவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அழகு அவரவர் விருப்பம். ஆனால் ஸ்பைடர் என்ற நிறப்பிரிவை மட்டும் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு உள்காதுக் குறைபாடும் சேர்ந்தே வருவதால், அப்பாம்புகளுக்குத் தலை நடுங்கும், சில சமயம் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும், இரையைக் குறி தவறிப் பாயும். கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக ஓர் உயிரை வாழ்நாள் முழுவதும் தடுமாற விடுவது சரியல்ல.

இனி கூண்டு. இந்தப் பாம்பு தன் சொந்த நிலத்தில் பகல் முழுவதும் கறையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் அடங்கிக் கிடந்து, இருட்டிய பின் வெளியே வருவது. புற்றின் உள்ளே வெப்பம் நிலையானது, காற்று ஈரமானது, உடலைச் சுற்றிலும் சுவர் தொட்டுக்கொண்டிருக்கும். நாம் அமைக்கும் கூண்டு இந்த மூன்றையும் தர வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள கூண்டு குறைந்தபட்சத் தேவை என்று கொள்ளுங்கள். பாம்பு உடலை முழுவதும் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதே அளவுகோல். குட்டிக்குப் பெரிய கூண்டு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். திறந்த வெளியாக விட்டால்தான் அது அஞ்சும். இலை, மரப்பட்டை, மறைவிடங்கள் ஆகியவற்றால் இடத்தை நிறைத்துவிட்டால் பெரிய கூண்டிலும் குட்டி நன்றாகவே இருக்கும். முழுவதும் கண்ணாடியால் ஆன தொட்டியில் வெப்பமும் ஈரமும் நிற்காது. பிளாஸ்டிக் பலகைக் கூண்டே சிறந்தது. மரக் கூண்டாக இருந்தால் உள்மூலைகளை மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கோன் பசையால் அடைத்து, அதன் வாடை முற்றிலும் போன பிறகு பயன்படுத்துங்கள். முன்பக்கக் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும். மூக்கு நுழையும் இடைவெளி இருந்தால் பாம்பு முழுவதும் வெளியேறிவிடும்.

கூண்டை வெயில் நேராக விழும் சன்னலருகிலும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. நம் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தாளிக்கும் புகையும், சாம்பிராணியும், ஊதுபத்தியும் பாம்பின் நுரையீரலுக்கு ஒத்துவராதவை. உதரவிதானம் இல்லாத பாம்பால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. எனவே சமையலறையையும் பூசையறையையும் ஒட்டிய இடத்தைத் தவிர்த்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த, அதிர்வில்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்றே அதைச் சீராக வைத்துக்கொள்கிறது. அதனால் கூண்டு முழுவதும் ஒரே வெப்பம் இருக்கக் கூடாது. ஒரு முனையில் பாம்பு படுக்கும் பரப்பு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரையும், அந்தப் பக்கத்துக் காற்று 30 டிகிரியை ஒட்டியும், மறுமுனை 25 முதல் 27 டிகிரி வரையும் இருக்கட்டும். இரவில் சற்றுக் குறையலாம், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள். வெப்பத்தை மேலிருந்து தருவதே நல்லது. பகலில் ஹாலோஜன் விளக்கு, இரவில் ஒளி தராத பீங்கான் வெப்பமூட்டி என்று பலர் இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு, நீல நிற இரவு விளக்குகள் தேவையில்லை. இரவு இருட்டாகவே இருக்க வேண்டும். விளக்கு எதுவானாலும் அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு பொருத்துங்கள். சூடான பொருளின் மேல் சுற்றிக்கொண்ட பாம்பு, தோல் வெந்துபோகும்போதுகூட விலகாமல் கிடக்கும். மருத்துவரிடம் வரும் தீக்காயங்கள் பல இப்படி வந்தவைதான்.

வெப்பமூட்டி ஒவ்வொன்றையும், வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஹாலோஜனுக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வகையும், பீங்கான் வெப்பமூட்டிக்கு விட்டுவிட்டு மின்சாரம் தரும் வகையும் பொருந்தும். பாம்பின் அடியில் வைக்கும் வெப்பப் பாயை ஒரே வெப்ப மூலமாக நம்பாதீர்கள். அது காற்றைச் சூடாக்காது. தடித்த படுக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அளவுமீறிச் சூடேறும். அளப்பதற்கு இரு முனைகளிலும் டிஜிட்டல் வெப்பமானிகளும், பரப்பின் சூட்டைப் பார்க்க அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானியும் வாங்குங்கள். சுவரில் ஒட்டும் முள் காட்டும் மலிவான கருவிகள் பல டிகிரி பிழை காட்டும். பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்று விளக்கை நேரங்காட்டியில் வைத்துவிட்டால் போதும். மெல்லிய புறஊதா விளக்கு இல்லாமலும் இப்பாம்பு வாழும். வசதி இருந்தால் நிழல்வாழ் ஊர்வனவற்றுக்கான விளக்கைப் பொருத்துவதை நான் ஆதரிக்கிறேன்.

ஈரப்பதம் சாதாரணமாக 60 முதல் 70 சதவீதம் வரை இருக்கட்டும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வீட்டு வெப்பமூட்டிகள் காற்றை உலர்த்திவிடுவதால், கோடையில் சரியாக இருந்த கூண்டே டிசம்பரில் வறண்டுபோகும். தேங்காய் நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டுகளும் கலந்த படுக்கையைக் குறைந்தது ஏழெட்டு செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். தேவதாரு, பைன் மரச் சீவல்கள் வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய்கள் தீங்கு செய்யும். நாள்தோறும் மேலே தண்ணீர் தெளிப்பதைவிட, வாரம் ஓரிருமுறை கூண்டின் மூலைகளில் நீரை ஊற்றிவிடுவது பயனுள்ளது. அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்கும். ஈரம் மெல்ல ஆவியாகிக் காற்றில் கலக்கும். மேற்பரப்பு எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். பாம்பு முழுவதும் இறங்கிக் கிடக்கக்கூடிய கனமான நீர்க்கிண்ணம் ஒன்றும் வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

மறைவிடம் குறைந்தது இரண்டு: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரியாக இருந்தால், பாதுகாப்புக்காகச் சூட்டையோ சூட்டுக்காகப் பாதுகாப்பையோ பாம்பு விட்டுக்கொடுக்க நேராது. சுருண்டு படுத்தால் உடல் சுவர்களைத் தொடும் அளவுக்குக் குறுகலானதாகவும், ஒரே வாயில் உள்ளதாகவும் பாருங்கள். பெரிய குகை போன்ற அலங்காரப் பொருள்கள் நமக்கு அழகாகத் தெரியும், பாம்புக்கு அவை திறந்த வெளிதான். உறுதியாகப் பொருத்திய இரண்டு கிளைகளும் வையுங்கள். தரையிலேயே கிடக்கும் பாம்பு என்று இதைப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தென் நைஜீரியாவில் நடந்த கள ஆய்வில், சிறிய பாம்புகளும் ஆண் பாம்புகளும் பெரும்பாலும் பறவைகளைத் தின்றிருந்தது தெரியவந்தது. மரமேறாமல் அது நடக்காது. கிளை வைத்த கூண்டுகளில் இரவு நேரத்தில் இவை ஏறி நகர்வதைப் பார்ப்பது உங்கள் மகனுக்கும் மிகுந்த மகிழ்ச்சி தரும். ஒரு கூண்டில் ஒரு பாம்புதான்; துணை தேவை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பது பாசத்தாலன்று, நல்ல இடத்துக்கான போட்டியால்.

உணவு எலிதான். இதற்கு மாற்று இல்லை என்பதால், குளிர்பதனப் பெட்டியில் எலி வைப்பதை ஏற்க முடியாத வீட்டில் பாம்பு வளர்க்க இயலாது. சைவ உணவுப் பழக்கமுள்ள குடும்பமானால் தனியாக ஒரு சிறு உறைபெட்டி வாங்கிவிடுவதே எல்லோருக்கும் நிம்மதி. மற்றவர்களுக்கும் தூய்மை கருதி அதையே பரிந்துரைக்கிறேன். பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அகலத்துக்கு ஏறத்தாழ ஒத்த இரையைத் தேர்ந்தெடுங்கள். குட்டிக்கு வாரம் ஒருமுறை, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலான எடையுள்ள எலிக்குஞ்சு போதும். வளர வளர இடைவெளியை நீட்டி, முழு வளர்ச்சி பெற்ற பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள எலி கொடுக்கலாம். வாரந்தோறும் கொழுத்த எலி தந்து வளர்க்கப்படும் பெரிய பாம்புகள் உடல் பெருத்து நோயுறுகின்றன.

முதல்நாள் இரவே எலியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுக்கும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஏறத்தாழ 38 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. இரை சூடாக இருந்தால்தான் அது உயிருள்ள இரையாகத் தெரியும். நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, மாலை இருட்டிய பிறகு மெல்ல அசைத்துக் காட்டுங்கள். உயிருள்ள எலியைக் கொடுக்காதீர்கள். அது எலிக்கும் கொடுமை, கடிபட்டால் பாம்புக்கும் ஆபத்து. இரை விழுங்கிய பின் குறைந்தது இரண்டு நாள்கள் தொடவே வேண்டாம்.

இப்பாம்பை வளர்ப்போர் எல்லோரையும் ஒருநாள் கவலைக்குள்ளாக்குவது அதன் உண்ணாநிலை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது. குறிப்பாக வளர்ந்த ஆண்கள் குளிர்கால இனச்சேர்க்கைப் பருவத்தில் இப்படி இருக்கும். அப்போது முதலில் வெப்பத்தையும் ஈரத்தையும் மறைவிடங்களையும் சரிபாருங்கள். நாள்தோறும் எலியைக் காட்டித் தொந்தரவு செய்யாமல் பத்து நாள்களுக்கு ஒருமுறை முயலுங்கள். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற கிராம் காட்டும் தனித் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை குறையாமல் நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, உண்ணாதது இன்னும் முதிராத குட்டியாக இருந்தாலோ, ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். விழுங்கிய இரையைக் கக்கிவிட்டால் இரண்டு வாரம் இடைவெளி விட்டுச் சிறிய இரையைக் கொடுங்கள். மீண்டும் கக்கினால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது உடல் நிறம் மங்கி, கண்கள் பால்போல் நீலம் பாய்ந்துவிடும். பார்வை குறைந்திருக்கும் அந்த நாள்களில் கையில் எடுக்காமல், ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி, ஈரமான பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றை வைத்துவிடுங்கள். கண் தெளிந்து சில நாள்களில் சட்டை மூக்கு முதல் வால் வரை ஒரே உறையாகக் கழன்று வரும். அதில் கண்களின் மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும் செதில்களான கண்மூடிகள் இரண்டும், வால் நுனியும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணில் ஒட்டிநிற்கும் மூடியை விரலாலோ சிமிட்டாவாலோ எடுக்க முயன்றால் கண்ணே போய்விடும். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நோய்களில் விரைந்து செயல்பட வேண்டியது மூச்சுத் தொற்று. மூச்சில் சீழ்க்கை ஒலி, வாயோரம் நுரை, தலையை மேலே தூக்கி வாய்திறந்து மூச்சு விடுதல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். பாம்பு நீர்க்கிண்ணத்திலேயே கிடந்தால் செதில்களுக்கிடையிலும் கண்ணோரத்திலும் நகரும் சிறு கரும் பேன்களைத் தேடுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊர்களிலும் இல்லை. பாம்பை வாங்கும் முன்பே அருகில் யார் இருக்கிறார் என்று விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பந்து மலைப்பாம்பு குழந்தையை நெரிக்கும் வலிமையுடையதன்று. அதற்கு நஞ்சும் இல்லை. கவலைப்பட வேண்டியது சால்மொனெல்லா என்ற பாக்டீரியா குறித்துத்தான். நலமான ஊர்வனவற்றின் குடலிலும் அது இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், முதியோரையும், கருவுற்ற பெண்களையும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களையும் அது கடுமையாகப் பாதிக்கும். மகள் ஐந்து வயதைத் தாண்டும் வரை பாம்பைத் தொடாமல் இருக்கட்டும், கூண்டுள்ள அறை பூட்டப்பட்டிருக்கட்டும். மகன் பாம்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நீர்க்கிண்ணத்தையும் மறைவிடங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. கழிவை அன்றன்றே அகற்றி, படுக்கையை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

புதிதாக வந்த பாம்பை முதல் வாரம் முழுவதும் தனிமையில் விடுங்கள். இரண்டு மூன்று முறை இரை எடுத்த பிறகே கையில் எடுக்கப் பழக்குங்கள். பக்கவாட்டிலிருந்து மெல்லத் தொட்டு, உடலின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் தாங்கி எடுத்து, பத்து நிமிடத்தில் திரும்ப விட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும்.

கடைசியாக, விடுமுறையில் நீங்கள் மூன்று நான்கு வாரம் ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வளர்ந்த பாம்பு அத்தனை வாரமும் இரையில்லாமல் நலமாக இருக்கும். ஆனால் தண்ணீர் மாற்றவும், வெப்பமானியைப் பார்க்கவும், விளக்கு எரிகிறதா என்று கவனிக்கவும் ஒருவர் நாள்தோறும் வர வேண்டும். மாற்று விளக்கு ஒன்றை எடுத்துவைத்து, தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய அளவுகள், மருத்துவரின் எண் ஆகியவற்றை எழுதிக் கூண்டின்மேல் ஒட்டி, வருபவருக்கு ஒருமுறை எல்லாவற்றையும் செய்துகாட்டிவிட்டுப் புறப்படுங்கள். குட்டியாக இருக்கும் முதல் ஆண்டில் மட்டும், அவ்வளவு நீண்ட பயணம் உறுதியாகியிருந்தால், வாங்குவதையே திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.